ஆடிக்கு அம்மா வீடு போன குடங்கள்

தாழைக்கொல்லையில் ஆடி பிறந்த அன்று காலை, தண்ணீர் பிடிக்க வரிசையில் வைத்திருந்த பிளாஸ்டிக் குடங்கள், பச்சையும் நீலமும் ரோஸுமாக, ஒன்றன்பின் ஒன்றாக உருளத் தொடங்கி, மாரியம்மன் கோயிலைச் சுற்றிக்கொண்டு, காதர் மைதீன் டீக்கடையைத் தாண்டி, வரப்பில் ஏறி இறங்கி, வடக்கே மூடிக் கிடந்த எண்ணெய்க் கிணற்றைப் பார்த்துப் போயின. வரிசையில் நின்ற பெண்கள் தங்கள் குடம் எது என்று அடையாளம் பார்த்தபடி கொஞ்ச தூரம் பின்னாலேயே போனார்கள், அப்புறம் அடுப்பில் உலை வைத்தது ஞாபகம் வந்து திரும்பிவிட்டார்கள். யாரும் அலறவில்லை. வெள்ளம் பார்த்தவர்கள், புயல் பார்த்தவர்கள், எண்ணெய்க் கம்பெனியையே பார்த்தவர்கள் நாங்கள், உருளுகிற குடத்துக்கா அலறப்போகிறோம்?

கம்பெனி வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாவிட்டால் குடத்தின் கோபம் விளங்காது. ஊருக்கு வடக்கே வயல்களுக்கு நடுவில் கம்பி வேலி போட்டு, ராப்பகலாக இரைச்சலோடு பூமியைத் துளைத்து, சில வருஷம் கச்சா எண்ணெய் எடுத்தார்கள். ஒருநாள் குழாய் வெடித்து, கறுப்பு எண்ணெய் பீய்ச்சியடித்து, பக்கத்திலிருந்த செல்லையனின் மூன்று மா நிலத்தில், கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்துப் பாய்ந்தது. கம்பெனி கிணற்றை மூடிவிட்டு வந்த வழியே போய்விட்டது. செல்லையன் எங்கே போவார்? மேல்மண்ணை வெட்டிக் கொட்டினார், சாணி அடித்தார், வருஷாவருஷம் மண்ணுக்கு உரமாகட்டும் என்று தக்கைப்பூண்டு விதைத்துப் பார்த்தார், தக்கைப்பூண்டே முளைக்கவில்லை. மழை பெய்தால் வயலில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு படலம் மிதக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவர் சாப்பிடாமல் படுத்துவிடுவார்.

ஆனி மாசம் கம்பெனி மறுபடி வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. ஊர் கொதித்துப்போனது. பஞ்சாயத்துத் தலைவி மங்கையர்க்கரசி உடனே ஊர்க்கூட்டம் போட்டார். மங்கை வேறு யாருமில்லை, செல்லையனின் மனைவிதான். வீட்டில் புருஷன் பேச்சு, ஊரில் பெண்டாட்டி பேச்சு என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள், இரண்டு இடத்திலும் மங்கை பேச்சுதான் என்பது எங்களுக்குத் தெரியும். பந்தலுக்கு நைலான் கயிறு கட்டி, மேலே தார்ப்பாய் விரித்து, பின்னால் ஃபிளெக்ஸ் தூக்கி, ஊரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்க, செல்லையன் மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் கச்சா எண்ணெய்க்கும் நமக்கும் இனிமே ஒட்டும் கெடையாது, ஒறவும் கெடையாது! அது வயித்துல பொறந்தது எதுவா இருந்தாலும் சரி, இந்த ஊரு மண்ணுல காலு வைக்கக்கூடாது!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. நானும்தான் தட்டினேன். உட்கார்ந்திருந்த நாற்காலிகள் லேசாக நடுங்கியதை அன்றைக்குக் கூட்டத்தின் வேகம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டோம்.

குடங்களுக்குப் பின்னால் அந்த நாற்காலிகள் போயின, கால் இருந்ததால் அவை உருளாமல் நடந்தே போயின. நாற்காலிகளுக்குப் பின்னால் செருப்புகள், ஜோடி ஜோடியாக. செருப்புகளுக்குப் பின்னால் பல் விளக்கும் பிரஷ்கள், சீப்புகள், சோப்பு டப்பாக்கள். பள்ளிக்கூடப் பைகள் புத்தகங்களை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் போயின. கொடியில் காய்ந்த பாலியஸ்டர் சேலைகள் தங்களைக் கவ்விக்கொண்டிருந்த கிளிப்புகளையும் கூட்டிக்கொண்டு போயின. பெண்களின் நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டுகள் பொன்வண்டு மாதிரி எழும்பிப் பறந்தன. சுவர்கள் பெயின்ட்டை உரித்துக் கொடுத்தன, மின்கம்பிகள் மேல்தோலைக் கழற்றிக் கொடுத்தன, கரண்டை நிறுத்த வேண்டியதாயிற்று. கடைசியில் ஒரு மத்தியானம் தார் ரோடே பாய் மாதிரி சுருண்டுகொண்டு, ஜல்லிக் கற்களை உதறிவிட்டு, வடக்கே போனது. டவுன் பஸ் எங்கள் ஊர் எல்லைக்குள் நுழைந்ததும் டயர்கள் தாமாகக் கழன்று ஓட, கண்டக்டர் கீழே இறங்கிப் பார்த்துவிட்டு, "சில்லறை வச்சிருக்கவங்க இங்கயே எறங்கிக்கங்க, இல்லாதவங்களும் எறங்கிக்கங்க" என்றார். அதிலிருந்து பஸ் எல்லைக்கல்லோடு நின்றது.

விஷயத்தை எங்களுக்கு விளக்கியவர் செல்லையனின் அக்கா பட்டம்மாள். புருஷன் வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு பிறந்தகம் வந்த அனுபவத்தில் அவரை மிஞ்ச எங்கள் தாலுகாவிலேயே ஆள் கிடையாது. கடைசித் தடவை வந்தவர் தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டார். அவர் கிணற்றடிக்குப் போய், குடமும் நாற்காலியும் சேலையும் செருப்பும் அந்த மூடிய இரும்புக் குழாயைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதை, இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துவிட்டு வந்தார்.

"இதுல என்ன அதிசயத்தக் கண்டுட்டீங்க? ஆடி மாசம். கச்சா எண்ணெய்க்குப் பொறந்த பொண்ணுங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கு."

"அழைக்காமலா போகும், அக்கா?" என்றார் காதர் மைதீன்.

"அழைச்சுக்கிட்டுப் போனா அது சீரு. இதுங்க ரோசத்துல போயிருக்குங்க. ஒட்டும் இல்ல, ஒறவும் இல்லன்னு மைக்கு வச்சுச் சொன்னா எந்த மானமுள்ளவ இருப்பா? நான் இருந்தேனா?"

கோபம் என்று தெரிந்ததும் ஊருக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. கோபத்துக்கு எங்கள் பக்கம் முறை உண்டு. வார்த்தையை விட்டவர் யாரோ அவரே தட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்த வீட்டில் கை நனைக்க வேண்டும், அதாவது அங்கே கொடுத்ததை மறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். வாயால் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். ஆடி முடிவதற்குள் அழைத்தால் பெண் வரும், ஆவணி பிறந்துவிட்டால் அப்புறம் வராது. வார்த்தையை விட்டவர் செல்லையன். அவர்தான் போக வேண்டும். போகும்போது போவார், ஆடிதான் இன்னும் கிடக்கிறதே என்று நாங்கள் இருந்தோம்.

உண்மையைச் சொன்னால், கொஞ்ச நாள் நன்றாகவே சமாளித்தோம். பரணில் கிடந்த பித்தளைக் குடங்கள் இறங்கின, குயவர் தெருவில் சூளை மறுபடி புகைந்தது, பனையோலைப் பெட்டி முடையத் தெரிந்தவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடி கிளாஸை விட்டு இறங்காத காதர் மைதீன், தான் மட்டுமே இந்த ஊரில் மானஸ்தன் என்பதுபோல் டீ ஆற்றினார். மெட்ராஸிலிருந்து ஒருவர் எங்களைப் பாராட்டிக் கட்டுரை எழுத வந்தார். எல்லையைத் தாண்டியதும் அவருடைய பேன்ட்டும் மூக்குக்கண்ணாடியும் போனின் முதுகும் வடக்கே கிளம்பிவிட்டன, பாராட்டி முடிப்பதற்குள் நாங்கள் ஒரு கதர் வேட்டி கொடுத்து வழியனுப்பி வைத்தோம். வருவாய் அலுவலகத்திலிருந்து ஜீப்பில் வந்தவர் நடந்தே திரும்பிப் போனார்.

ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிலைமை வேறு. நர்ஸ் ரோஸ்லின் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சலைன் பாட்டில் போய்விட்டது, சிரிஞ்சு போய்விட்டது, கையுறை, டியூப், ரத்தப் பை போய்விட்டன, காய்ச்சல் மாத்திரைகூட அட்டையைக் கிழித்துக்கொண்டு கிளம்பிவிட்டது; அந்த மாத்திரைக்கும் கச்சா எண்ணெய்தான் தாய் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? நிறைமாசக்காரி ஒருத்திக்கு வலி கண்டு உதிரம் நிற்காமல் போக, கயிற்றுக் கட்டிலில் போட்டு எல்லைக்கல் வரை தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே நின்ற ஆம்புலன்ஸில் ஏற்றியதால் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். கட்டில் தூக்கிய தோளோடு திரும்பி வரும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, அவ்வளவு வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலமே ஊர் செல்லையன் வீட்டு வாசலில் கூடியது. அவர் வீட்டில் இல்லை, வயலில் இருந்தார். வயலில் அவர் ஏன் இருந்தார் என்பதுதான் இந்தக் கதையின் சிக்கல்.

சில நாள் முன்னால் அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தபோது, மண்வெடிப்புகளிலிருந்து கறுப்பாக ஒரு நூல் எழுந்தது. பக்கத்து வெடிப்பிலிருந்து இன்னொன்று எழுந்து அதோடு சேர்ந்தது. மூன்று மாவிலும் மண்ணுக்குள் ஊறிக் கிடந்த எண்ணெயெல்லாம் நூல் நூலாகத் திரண்டு, அவர் காலை உரசிக்கொண்டு வரப்பைத் தாண்டி, கிணற்றைப் பார்த்து நழுவியது. அதுவும் அவள் வயிற்றுப் பிள்ளைதானே, எல்லாம் போகும்போது அது மட்டும் இருக்குமா? செல்லையன் ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்து பார்த்தார். வாயில் போட்டுப் பார்த்தார். மண் ருசிதான் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மறுநாள் ஒரு மூலையில் நாற்றங்கால் விட்டார், அது முளைத்தது.

இப்போது அந்த நாற்றங்காலுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மங்கையும் ரோஸ்லினும் போனபோது, பயிரை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, குருடன் மாதிரி தடவுறீங்க?" என்றார் மங்கை.

"ஒண்ணுமில்ல. நாலஞ்சு நாளா எங்கயோ வைக்கோல் எரியுதுபோல. பொகையா இருக்கு."

எங்கும் வைக்கோல் எரியவில்லை. ரோஸ்லின் அவர் முகத்தை மேற்கு வெளிச்சத்துக்குத் திருப்பி, இமையை விலக்கிப் பார்த்தார். இரண்டு கண்ணுக்குள்ளும் லென்ஸ் வடக்குப் பக்கமாக ஒதுங்கி நின்றது.

"போன வருஷம் கண் முகாம்ல ஆபரேஷன் பண்ணி, உள்ள லென்ஸ் வச்சாங்கல்ல ஐயா, அது எதுல செஞ்சதுன்னு தெரியுமா?"

"கண்ணாடிதான்."

"கண்ணாடி இல்லங்கய்யா. அதுவும் அவ வயித்துல பொறந்ததுதான்."

செல்லையன் பயிர்ப் பக்கம் திரும்பினார். நாற்றங்கால் அவருக்கு அப்போது ஒரு பச்சைக் கறையாக மட்டும் தெரிந்திருக்கும். பிறகு, "அப்பச் சரி. போவட்டும்" என்றார்.

"என்னது போவட்டும்?"

"மங்கை, நான் போயி அழைச்சா கொடமும் நாக்காலியும் மட்டுமா வரும்? இந்த வயல்ல கெடந்த சனியனும் கூடத்தான் வரும். எல்லாம் ஒரு தாய் புள்ளைங்க. இப்பத்தான் எம் மண்ணு மண்ணா இருக்கு. கண்ணு போனா என்ன, பயிரு எப்புடி இருக்குன்னு நீ பாத்துச் சொல்லு."

"பாத்துச் சொல்றதுக்கு நான் ஒங்க கணக்குப்புள்ளையா?" மங்கைக்குக் குரல் உடைந்துவிட்டது. ஊர்க்கூட்டத்தில் ஒருநாளும் உடையாத குரல் அது. "பயிரு பச்சையா இருக்குன்னு நான் சொல்லுவேன், நீங்க செவத்தப் பாத்துக்கிட்டுத் தலையாட்டுவீங்க, அதையும் நான் பாக்கணுமா? இன்னிக்கு ஒருத்தி கட்டில்ல செத்துருப்பா. தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்" என்றார் அவர். "தெரியாமயா இங்க வந்து உக்காந்திருக்கேன்?" இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்ததால் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

ஆடி தேய்ந்துகொண்டு வந்தது. செல்லையன் சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்தார். தூங்கும்போது அவர் தலை தானாக வடக்கே திரும்பியது, மங்கை எழுந்து எழுந்து அதைத் திருப்பி வைத்தார். ஊரில் யாரும் அவரை நெருக்கவில்லை. அவர் நிலம் கறுத்தபோது நாங்கள் என்ன பெரிதாகச் செய்துவிட்டோம், இப்போது உரிமையோடு கேட்க? வாசலில் வந்து நின்றுவிட்டுப் போவோம், அவ்வளவுதான்.

ஒருநாள் பட்டம்மாள் தம்பிக்குச் சோறு பிசைந்து கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். செல்லையன் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்:

"ஏக்கா, ரோடே எந்திரிச்சுப் போயிருச்சு. இது மட்டும் ஏன் இன்னும் என் கண்ணுல கெடந்து இழுத்துக்கிட்டு நிக்குது? போறதுன்னா போவ வேண்டியதுதானே?"

பட்டம்மாள் சட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"நான் கடைசித் தடவ கெளம்புனப்ப, பொட்டியத் தூக்கிக்கிட்டு வாசல்ல ரொம்ப நேரம் நின்னேன்டா. ஒங்க அத்தான் உள்ளதான் உக்காந்திருந்தாரு. இருன்னு ஒரு வார்த்த சொல்லுவாருன்னு நின்னேன்."

"சொன்னாரா?"

"சொல்லியிருந்தா ஒன் வீட்டுல ஏன் சோறு பெசஞ்சுக்கிட்டிருக்கேன்?"

செல்லையன் அந்த உருண்டையைச் சாப்பிட்டார். கை கழுவியதும், "தட்டு எடுத்து வைக்கச் சொல்லு" என்றார்.

ஆடிக் கடைசி நாள் மத்தியானம் ஊரே கிளம்பியது. பித்தளைத் தட்டுகளில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூ. மேளம் சொல்லலாமா என்று கேட்டவரைப் பட்டம்மாள் ஒரே பார்வையில் அடக்கினார். கோபம் தீர்க்கப் போகும்போது மேளம் கிடையாது. மங்கை கையைப் பிடித்துக் கூட்டிப் போக, செல்லையன் ஜல்லியில் தட்டுத் தடுமாறி நடந்தார். கிணற்றடியில் ஒரு கல்யாணக் கூட்டம் உட்கார்ந்திருப்பதுபோல் எல்லாம் நிறம் நிறமாக உட்கார்ந்திருந்தன. எங்களைப் பார்த்ததும் சலசலப்பு நின்றது.

செல்லையன் தட்டைக் குழாயின் காலடியில் வைத்தார். பணிவாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் சண்டைதான் போட்டார்.

"எனக்கு ஒம் மேல வருத்தம் இருக்கு. இல்லன்னு பொய் சொல்ல வரல. எம் பயிர அழிச்ச. எத்தன வருசம் எம் பொண்டாட்டி கழனியில வெளைஞ்சதப் பொங்காம கட அரிசி பொங்குனா தெரியுமா?" மூச்சு வாங்கினார். "ஆனா ஒன்னையும் யாரும் கேக்கல. பூமிக்குள்ள நீ பாட்டுக்குப் படுத்திருந்த, ஓட்ட போட்டு எழுப்புனாங்க. ஒம் புள்ளைங்களயாவது நாங்க வச்சு வாழ்ந்தமா? ஒரு டீ குடிக்கிற நேரம் வச்சிருந்துட்டு வாய்க்கால்ல வீசுனோம். சொன்னது நான்தான். தப்புதான். அழைக்க வந்திருக்கேன்."

கையை நீட்டினார். மூடிய குழாயின் விளிம்பில் ஒரு கறுப்புத் துளி ஊறி, திரண்டு, அவர் உள்ளங்கையில் விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்ததாம். எத்தனையோ நாள் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவிய அதே கறுப்பு. இப்போது அவர் கையை மூடிக்கொண்டார். கை நனைத்தாயிற்று.

அதன் பிறகு பெயர் சொல்லி அழைத்தார். சலைன் பாட்டில் வா, சிரிஞ்சு வா, மாத்திரையே வா. தண்ணிக் கொடமே வா, பைப்பே வா, கரண்டு ஒயருச் சட்டையே வா. பஸ்ஸு டயரே வா, ரோடே நீயும் வா. செருப்பே வா, ஜல்லி குத்துது சீக்கிரம் வா. புஸ்தகப் பையே வா, மூக்குக் கண்ணாடியே வா. பின்னாலிருந்து பெண்கள் கிசுகிசுக்க, ஸ்டிக்கர் பொட்டையும் அழைத்தார். அழைத்தவை ஒவ்வொன்றாக எழுந்து எங்கள் பக்கம் வந்து நின்றன. கேரி பேக்கை அழைக்கவில்லை, டீக் கப்பை அழைக்கவில்லை, ஃபிளெக்ஸை அழைக்கவில்லை. வச்சு வாழ முடியாததை ஏன் அழைக்க வேண்டும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவை அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்தன, முகத்தில் வருத்தம் ஒன்றும் தெரியவில்லை.

கடைசியில் அவர் காலடியில் ஏதோ ஈரமாக ஊர்ந்தது. கண் தெரியாவிட்டாலும் அந்த வாடையை அவர் எங்கிருந்தாலும் கண்டுபிடிப்பார். வயலிலிருந்து போன கறுப்பு. மங்கை அவர் கையை இறுக்கிப் பிடித்தார்.

செல்லையன் மெல்லக் குனிந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தோம். ஆனால் குரல் தாழ்ந்துவிட்டது.

"ஒன்ன நாங்க கட்டிக்கிட்டு வரல. இழுத்துக்கிட்டு வந்து போட்டுட்டுப் போயிட்டாங்க. ஒன் மேல குத்தம் இல்ல. நீ வர வேணாம், அம்மாகிட்டயே இரு. இனிமே ஒன்ன யாரும் எழுப்பாமப் பாத்துக்கிறோம். தூங்கு."

அது கொஞ்ச நேரம் அவர் கால்விரலைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. பிறகு குழாயில் ஏறி, விளிம்பு வழியாக உள்ளே இறங்கிப்போனது.

"அவ்வளவுதானே? எல்லாரையும் அழைச்சாச்சா?" என்றார் மங்கை, அழுதுகொண்டே.

செல்லையன் கறுப்புக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, இரண்டு கண்களையும் மூடி, அவற்றின் மேல் உள்ளங்கைகளை வைத்தார்.

"நீ இரு" என்றார்.

எங்களுக்குப் பின்னால் பட்டம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதார். அவர் அழுது அதற்கு முன்னால் நாங்கள் பார்த்ததே இல்லை.

ஆவணி பிறந்தது. கம்பெனி வண்டிகள் வரத்தான் வந்தன. எல்லைக்கல்லில் ஊர் நின்றது. முன்னால் மங்கை நின்றார். கட்டிக்கிட்டு வந்தவங்கள வச்சு வாழ்ந்துக்கிறோம், அவங்க அம்மாவத் தொந்தரவு பண்ண விடமாட்டோம், வாக்குக் கொடுத்திருக்கோம் என்றார். கம்பெனிக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. டயர்களுக்குப் புரிந்துவிட்டது, ஓர் அங்குலம்கூட முன்னால் உருளவில்லை. அதிலிருந்து எங்கள் ஊரில் ஒரு வாளி வாங்கினாலும், இதை வச்சு வாழ முடியுமா என்று ஒரு நிமிஷம் யோசித்துத்தான் வாங்குகிறோம், பெண் பார்க்கப் போவதுபோல.

ஆவணி முதல் நாள் விடிந்ததும் செல்லையன் யார் கையையும் பிடிக்காமல் வயலுக்குப் போனார். ராத்திரி ஒரு மழை பெய்திருந்தது, தேங்கிய தண்ணீரில் மயில்கழுத்து நிறம் இல்லை, வானம் மட்டும் இருந்தது. அவர் நாற்றங்கால் ஓரம் குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொரு பயிராகப் பார்த்தார். கோடி வருஷம் இருட்டில் கிடந்த ஒன்றும் அவர் கண்ணுக்குள் உட்கார்ந்து அதைப் பார்த்தது.